வேலிக்காவலன் வீட்டு மாப்பிள்ளை

அன்புள்ள கதிர்,

நாளை மாலை நாலு மணிக்கு உனக்குக் கல்யாணம். இன்று வெள்ளிக்கிழமை காலை. நீ தைக்கக் கொடுத்த கோட்டை வாங்கிவர பாரமட்டா போயிருக்கிறாய். சிட்னி ஸ்ட்ராத்ஃபீல்டில் உன் வீட்டு அடுக்களை மேசையில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். நேரிலேயே சொல்லலாமே என்று நீ கேட்பாய். வாயால் சொன்னால் எனக்குக் கோபம் முந்திக்கொள்ளும். எழுதினால் விவரம் முந்திக்கொள்ளும். முப்பத்துநான்கு வருடம் செய்தி எழுதிப் பிழைத்தவனுக்கு வேறு வழி தெரியவில்லை. பிறர் கையில் கிடைத்து அவர்கள் படித்தாலும் எனக்கு வெட்கமில்லை. முக்கியமானதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும் என்பது எங்கள் தொழில் விதி. ஆகவே சொல்லிவிடுகிறேன்: இங்கே வந்து இறங்கிய இந்த ஏழு வாரமாக உன் மாமனார் ரான் ஹேவர்டைப் பார்த்துப் பொறாமைப்பட்டுக்கொண்டிருக்கிறேன். அந்தப் பொறாமையில் ஒரு காரியமும் செய்துவிட்டேன்.

ஆரம்பம் உனக்கே தெரியும். நான் வந்த இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை, தோசைக் கல்லின் முன்னால் நின்றுகொண்டு, என் முகத்தைப் பார்க்காமலே பேசினாய். "அப்பா, ஒண்ணு சொல்லணும். கோவிச்சுக்கக் கூடாது."

"தோசை கருகுது. அதை முதல்ல எடு."

"கல்யாணத்துக்கு அப்புறம் நான் ஹேவர்ட்னு பேரை மாத்திக்கப் போறேன். ஹன்னா ஒரே பொண்ணு. அவங்க வீட்ல அந்தப் பேரு அவளோட நின்னுரும்ப்பா."

"அப்ப என் பேரு?"

தோசையை எடுத்துத் தட்டில் போட்டுவிட்டு நீ சொன்ன பதிலை நான் இன்றுவரை மறக்கவில்லை. "நம்ம வழக்கப்படி என் புள்ளைக்கு என் பேருதானேப்பா இனிஷியல்? எப்படிப் பார்த்தாலும் உங்க பேரு என்னோட நின்னுடும். அவங்க பேருதான் தொடர்ந்து போற பேரு."

நீ சொன்னதில் ஒரு பிழையும் இல்லை. அதனால்தான் அது அப்படிச் சுட்டது. நம் ஊரில் குடும்பப் பெயர் என்று ஒன்றை நாம் வைத்துக்கொள்ளவில்லை. அப்பா பெயரின் முதல் எழுத்தும் ஒரு புள்ளியும்தான் நமக்கு. அடுத்த தலைமுறையில் அந்த எழுத்தும் மாறிவிடும். உனக்குப் பாஸ்போர்ட் எடுக்கப் போன அன்று, குடும்பப் பெயர் என்ற கட்டத்தை வெறுமையாக விட்டால் வெளிநாட்டில் தொல்லை வரும் என்று படிவம் நிரப்பிக் கொடுத்தவர் சொன்னார். வேறு போக்கில்லாமல் என் பெயரை முழுதாக அதில் எழுதினோம். வேறு போக்கில்லாமல் என்று அன்று உன் அம்மாவிடம் சொன்னேன். உண்மையில் எனக்கு உள்ளூர ஒரே சந்தோஷம். ஏன் என்று உனக்குச் சொன்னதில்லை.

திண்டுக்கல்லில் நான் எழுதிய எந்தச் செய்தியிலும் என் பெயர் வந்ததில்லை. 'நமது நிருபர்' என்றுதான் வரும். கோர்ட்டு, கலெக்டர் ஆபீஸ், பஸ் கவிழ்ந்த இடம், வெள்ளம் வந்த தெரு, எல்லாம் நமது நிருபர். என் மேசைக்கு அடுத்த மேசைக்காரர் எழுதினாலும் நமது நிருபர்தான். முப்பத்துநான்கு வருடத் தாள்களைப் புரட்டினாலும் நான் ஒருவன் இருந்தேன் என்பதற்கு அதில் சாட்சி கிடையாது. ஆனால் உன் பட்டச் சான்றிதழில் என் பெயர் இருந்தது. உன் ஆபீஸ் அட்டையில் இருந்தது. போன மாதம் உனக்குத் துணையாக இங்கே கிளினிக்குக்கு வந்தேனே, வரவேற்பில் இருந்த பெண் கணீரென்று என் பெயரைக் கூப்பிட்டாள். நான் எழுந்து நின்றுவிட்டேன். அவள் கூப்பிட்டது உன்னை. நீ சிரித்துக்கொண்டே, "உக்காருங்கப்பா, நான்தான் நீங்க" என்றாய். இந்த ஊரில் எனக்குக் கிடைத்த மிகப் பெரிய மரியாதை அதுதான். அதையும் ரானுக்குக் கொடுக்கப் போகிறாய் என்பது நினைவுக்கு வந்ததும் நாற்காலி முள்ளாகிவிட்டது.

ரான் எனக்கு ஒரு கெடுதலும் செய்தவரில்லை. பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். பென்ரித்தில் சின்ன வீடு. பதினோரு வருடமாக அவருக்கு ஒரே பித்து, தன் பெயர் எங்கிருந்து வந்தது என்று தேடுவது. சனிக்கிழமை விடிந்தால் நீ அவரோடு காரில் ஏறிப் பழைய கல்லறைகளைப் படம் எடுக்கப் போய்விடுவாய். திரும்பி வந்து என்னிடம் ஹேவர்ட் கதையைச் சொல்வாய். ஆங்கிலத்தில் ஹே என்றால் வைக்கோல், ஆனால் அதற்கும் அந்தப் பெயருக்கும் சம்பந்தமில்லை, ஆங்கிலேயர்களிலேயே பலர் அப்படித் தப்பாக நினைக்கிறார்கள், அது வேலிக்காவலன் என்ற பழைய சொல் என்பாய். ஊர்ப் பயிரில் மாடு இறங்காமல் பார்ப்பது அவன் வேலை. வேலியில் ஓட்டை விழுந்தால் அடைப்பான். மாடு இறங்கினால் கொம்பு ஊதுவான், பிடித்துப் பட்டியில் அடைப்பான். பிறகு ஒரு காலத்தில் வேலை போய்ப் பெயர் மட்டும் தங்கிவிட்டது. வேலியையே பார்க்காத பேரனும் வேலிக்காவலன். கொல்லனும் தையல்காரனும் மாவு அரைத்தவனும் அப்படித்தான் அங்கே குடும்பப் பெயர்களாக நிலைத்தார்கள். உனக்குச் சொல்லும்போது கண் மின்னும். என் அப்பா என்ன வேலை பார்த்தார் என்று ஒரு சனிக்கிழமையாவது நீ என்னைக் கேட்டதுண்டா? நான் எண்ணிக்கொண்டிருந்தேன்.

இன்னொரு பொறாமையும் இருந்தது. அது உன்னால் வந்ததல்ல, ரானாலும் அல்ல. நம் ஊரில் தொழில் பெயர் தலைமுறை தாண்டி ஒட்டிக்கொண்டால் அது சாதி. அதைக் கழற்றிப் போடத்தான் எத்தனையோ பேர் பெயருக்குப் பின்னால் இருந்த வாலை வெட்டிவிட்டு ஒற்றை எழுத்தோடு நின்றார்கள். நான் அதில் பெருமைப்படுகிறவன். ஆனால் ரான், மாடு விரட்டியவனின் பெயரை ஏதோ பட்டம் போலச் சொல்லும்போது வயிறு எரிந்தது. அந்தப் பெயரைச் சொன்னதற்காக ரானை யாரும் தள்ளி உட்காரச் சொன்னதில்லை. சொன்னால்தான் உட்கார இடம் தருகிறார்கள்.

போன சனிக்கிழமை ரான் பெருமையாகத் தன் வம்ச ஆராய்ச்சிக் காகிதங்கள் அடங்கிய கோப்பை என்னிடம் கொடுத்து அனுப்பினார். "நீங்க பத்திரிகைக்காரர். படிச்சுப் பாருங்க, மேட்" என்றார். அவர் ஆங்கிலத்தில் பேசுவதை நம் பேச்சில் எழுதுகிறேன். நண்பா என்று யாரையும் கூப்பிடும் அந்த 'மேட்'டை மட்டும் அப்படியே விட்டுவிடுகிறேன். அதைப் படித்து முடிக்க எனக்கு ஒரு பொழுது ஆயிற்று. ரானிலிருந்து மேலே போனால், கப்பலில் சிட்னிக்கு வந்திறங்கிய தாமஸ் ஹேவர்ட்வரை சங்கிலி கெட்டி. அதற்கு மேலே இங்கிலாந்தில் ஒரு சின்ன ஊர். அங்கே தாமஸ் பிறந்ததாக மாதாகோவில் பதிவு. அவன் அப்பா ஜான். அவனுக்கு அப்பா, அவனுக்கு அப்பா என்று ஒன்பது தலைமுறை. ஆனால் சிட்னியில் தாமஸ் கல்யாணம் செய்த பதிவின் நகலில், மாப்பிள்ளையின் தந்தை பெயர் என்ற கட்டத்தில் ஒரு கோடு மட்டும் போட்டிருந்தது. அந்தக் கோட்டில் என் விரல் நின்றுவிட்டது. இந்தத் தாமஸ்தான் அந்தத் தாமஸ் என்பதற்கு ஆதாரம் எங்கே?

பெயர் ஒன்றாக இருந்தால் ஆளும் ஒன்றாகிவிட மாட்டான். இது எனக்குத் தெரிந்த அளவு வேறு யாருக்கும் தெரியாது. நீ இரண்டாம் வகுப்பு படிக்கும்போது நடந்தது. சங்கிலி பறித்த வழக்கில் கைதான ஒருவர் பெயர் முருகேசன். அவசரத்தில் இனிஷியலை விட்டுவிட்டுப் பெயரையும் தெருவையும் மட்டும் எழுதினேன். அதே தெருவில் சைக்கிள் கடை வைத்திருந்த இன்னொரு முருகேசன் இருந்தார். மூன்றாம் நாள் அவர் பேப்பரை நாலாக மடித்து எடுத்துக்கொண்டு ஆபீசுக்கு வந்தார். சத்தம் போடவில்லை. "சார், எங்கப்பா பேரு பழனி. 'ப' போட்டு ஒரு புள்ளி வச்சிருந்தீங்கன்னா நான் தப்பிச்சிருப்பேன்" என்றார். திருத்தம் போட்டோம், எட்டாம் பக்கத்தில், இரண்டு வரி. முதல் பக்கத்தில் வந்த தப்புக்கு எட்டாம் பக்கத்தில் மருந்து. அவர் கடையைச் சாத்திவிட்டு ஊர் மாறினார். நான் வேறு தெரு வழியாக ஆபீஸ் போகப் பழகிக்கொண்டேன். இதை உன் அம்மாவிடம்கூட முழுதாகச் சொன்னதில்லை.

அந்தப் பாடத்தால்தான் நூலகத்துக்குப் போனேன் என்று எழுத ஆசை. எழுதினால் பொய். ரான் தப்பாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டு போனேன். இரண்டு நாள் உட்கார்ந்தேன். அங்கே வேலை செய்கிற இலங்கைத் தமிழ்ப் பெண் ஒருவர் பழைய மாதாகோவில் பதிவுகளைக் கணினியில் தேடித் தந்தார். இரண்டாம் நாள் மதியம் அதே ஊர், அதே கோவில், அடக்கப் பதிவு கிடைத்தது. எழுத்து சிக்கலாக இருந்தது. அவர் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிக்கொண்டு மெதுவாக வாசித்தார். "தாமஸ். ஜான் ஹேவர்டின்ர மகன். வயசு நாலு."

"நிச்சயமா அடக்கப் பதிவுதானா?"

"ஓம் அண்ணை, புதைச்ச பதிவுதான். பாவம், என்ன, நாலு வயசுப் பிள்ளையெல்லோ."

அந்தப் பெண் பாவம் என்றபோது எனக்குள் என்ன நடந்தது என்பதை உன்னிடம் மறைக்க மாட்டேன். எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது. யாரோ ஒரு தகப்பன் நாலு வயது மகனை மண்ணில் வைத்த செய்தியைக் கையில் பிடித்துக்கொண்டு, பரிசு விழுந்தவன் மாதிரி நகல் எடுக்க ஓடினேன். ஜான் ஹேவர்டின் மகன் கப்பல் ஏறவே இல்லை. சிட்னிக்கு வந்த தாமஸ் வேறு ஆள். ரானின் ஒன்பது தலைமுறையும் அடுத்த வீட்டுக்காரன் சொத்து.

நேற்று நீ வேலைக்குப் போனதும் ரயில் ஏறி பென்ரித் போனேன். சட்டைப் பையில் நகல். ரான் ஸ்டேஷனுக்கே வந்து அழைத்துப் போனார். சாப்பாட்டு மேசை முழுக்க ஆறடி நீளக் காகிதம் விரித்து, மூலைக்கு ஒரு சாஸ் பாட்டில் வைத்திருந்தார். நாளை விருந்தில் சுவரில் மாட்டப் போகிற வம்ச மரம். உச்சியில் ஒன்பது தலைமுறை. அடியில் ஹன்னா, அவள் பக்கத்தில் கதிர் ஹேவர்ட். அதைப் பார்த்ததும் தயக்கம் போய்விட்டது. நகலை எடுத்து அதன்மேல் வைத்தேன்.

ரான் இரண்டு முறை படித்தார். "எவ்வளவு நேரத்துல கண்டுபிடிச்சீங்க?"

"ரெண்டு நாள்."

"நான் பதினோரு வருஷம்." எழுந்து டீ போடப் போனார். தண்ணீர் கொதிக்கும்வரை எனக்கு முதுகைக் காட்டியபடியே நின்றார். திரும்பி வரும்போது கையில் ஒரு கோப்பைதான் இருந்தது. எனக்கு எடுக்க மறந்துவிட்டார். "கதிர்கிட்ட சொன்னீங்களா?"

"இல்லை."

"கல்யாணத்துக்கு ரெண்டு நாள்தான் இருக்கு. இன்னைக்கு ஏன் கொண்டு வந்தீங்க, மேட்?"

உண்மைக்காக என்று சொல்லியிருக்கலாம். அவரும் நம்பியிருப்பார். என் அரைகுறை ஆங்கிலத்தில் பொறாமை என்ற வார்த்தைதான் வந்தது. "உங்க மேல பொறாமை. பையன் உங்க பேரை எடுத்துக்கறான்."

என்னை வெளியே போகச் சொல்வார் என்று நினைத்தேன். அவர் ஒரு கனைப்புக் கனைத்தார். சிரிப்பா என்று எனக்குப் பிடிபடவில்லை. "அது எனக்குத் தெரியாதுன்னா நினைச்சீங்க? என் வீட்டு பார்பெக்யூல நீங்க நின்ன நிலையிலேயே தெரிஞ்சுபோச்சு, என்னமோ ஆடிட் பண்ண வந்தவர் மாதிரி. சரி, என் கதையையும் கேளுங்க. நீங்க இந்தியாவில இருந்தப்ப உங்க பையன் தினமும் சாயங்காலம் ஆறு மணிக்கு உங்களுக்கு போன் போடுவான். நாங்க தேடிப் போன கல்லறைங்களுக்கு நடுவில நின்னுகூடப் போடுவான். அரை மணி நேரம் நான் கார்ல தனியா உட்கார்ந்திருப்பேன். என் பொண்ணு எனக்கு ஞாயித்துக்கிழமை ஒரு மெசேஜ். இப்ப உங்களை மாமா மாமான்னு கூப்பிடுறா. என் வீட்ல மிளகைக் கண்டா மூஞ்சியைச் சுளிச்சவ, நேத்து போன்ல ரசம் வைக்கிறது எப்படின்னு எனக்குப் பாடம் எடுக்கிறா."

டீயில் ஒரு மடக்குக் குடித்தார். பிறகு அவர், "பேப்பர்ல தப்பு வந்தா என்ன செய்வீங்க?" என்று கேட்டார். முருகேசன் கதையைச் சொன்னேன். தப்பு எந்த இடத்தில் எந்த அளவில் வந்ததோ, திருத்தமும் அதே இடத்தில் அதே அளவில் வர வேண்டும், நாங்கள் செய்யவில்லை என்றேன். ரான் தடித்த கறுப்புப் பேனாவை எடுத்தார். தாமசுக்கு மேலே இருந்த ஒன்பது தலைமுறைக்கும் குறுக்கே கோடு கிழித்தார். மற்ற பெயர்கள் இருந்த அதே பெரிய எழுத்தில், 'தந்தை பெயர் தெரியவில்லை' என்று எழுதினார். நான் ஏழு வாரமாகப் பார்க்க ஆசைப்பட்ட காட்சி அது. கண்கொண்டு பார்க்க முடியவில்லை. செத்துப்போன அந்தச் சின்னத் தாமசை மட்டும் விட்டுவிட அவருக்கு மனம் வரவில்லை. "இவனை என்ன பண்றது? பதினோரு வருஷமா எங்க தாத்தான்னு வச்சிருந்தேன்" என்று அவன் பெயரை ஓரத்தில் தனியாக எழுதி, அதைச் சுற்றி ஒரு கட்டம் போட்டு, எந்தக் கோடும் இழுக்காமல் விட்டுவிட்டார்.

"இனி அந்தப் பேர் உங்களுடையதுதானா?" என்று கேட்டுவிட்டேன். கெட்ட கேள்விதான், தொழில் பழக்கம்.

"எழுபத்தோரு வருஷமா அந்தப் பேரைக் கூப்பிட்டா நான்தான் திரும்பிப் பார்க்கிறேன். வேற யாருதா இருக்கும்?" பேனாவை என் பக்கம் தள்ளினார். "உங்க பக்கத்தை எழுதுங்க. பையன்கிட்ட கேட்டேன், ரெண்டு பேருக்கு மேல தெரியலைங்கறான்."

உன் பெயருக்கு மேலே என் பெயரை எழுதினேன். அதற்கு மேல் என் அப்பா. அதற்கு மேல் அவர் அப்பா. பேனா நின்றுவிட்டது. நாலாவது ஆள் யாரென்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. நீ என்னைக் கேட்கவில்லை என்று சனிக்கிழமைகளை எண்ணியவன், என் அப்பாவை எந்தக் கிழமையிலும் கேட்டதில்லை. ரானின் எழுத்தளவிலேயே நானும் 'தெரியவில்லை' என்று எழுதினேன். பிறகுதான் அவருக்கு என் டீயின் ஞாபகம் வந்தது.

கேட்காதது மட்டுமல்ல. வேலையில் சேர்ந்த அன்று நிருபர் அட்டைக்குப் பெயர் கேட்டார்கள். அந்த வாரம் எனக்கும் அப்பாவுக்கும் பேச்சில்லை. இனிஷியல் இல்லாமல் பெயரை மட்டும் கொடுத்தேன். அட்டையைப் பார்த்த அப்பா, "நல்லாத்தான் இருக்கு. தலையைத்தான் காணோம்" என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனார். ஒரு எழுத்து, ஒரு புள்ளி. அவர் சாகும்வரை அதை நான் திருப்பி வைக்கவில்லை.

இப்போது கடைசிச் செய்தி. இன்று காலை பால் எடுக்கக் குளிர்பெட்டியைத் திறக்கப் போனேன். கதவில், ஹரிஸ் பார்க் மிட்டாய்க் கடைக் காந்தத்துக்கு அடியில், ஒரு மாதத்துக்கு முன்பே நீயும் ஹன்னாவும் கல்யாணத்துக்காகக் கொடுத்த படிவத்தின் நகல் தொங்குகிறது. தினமும் நாலு முறை அந்தக் கதவைத் திறக்கிறேன். கடல் தாண்டி எந்தக் காலத்திலோ எழுதிய பதிவைத் தேடிப் படித்தவன், மூக்குக்கு நேரே தொங்கியதைப் படிக்கவில்லை. இன்று படித்தேன். மாப்பிள்ளையின் தந்தை பெயர் என்ற கட்டத்தில், உன் கையெழுத்தில், முதலில் என் அப்பாவின் பெயரை முழுதாக எழுதி, அதன்பின் என் பெயரை எழுதியிருக்கிறாய். என் விசாவுக்காக வாங்கிய பழைய பள்ளிச் சான்றிதழில் பார்த்திருப்பாய். நான் கழற்றிப் போட்ட தலையை நீ எடுத்து வைத்திருக்கிறாய், என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல்.

கல்யாணம் ஆகிறவனுக்குத் தகப்பன் புத்தி சொல்ல வேண்டும் என்பார்கள். என்னிடம் இரண்டுதான் இருக்கின்றன. ஹன்னாமேல் உனக்கோ உன்மேல் அவளுக்கோ பொறாமை வந்தால் அன்றைக்கே வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள். ஏழு வாரம் வைத்திருந்தால் அது துப்பறியப் போய்விடும். தூரத்துக் காகிதத்தைத் தேடிப் போகுமுன் உங்கள் வீட்டுக் கதவில் தொங்குவதைப் படியுங்கள்.

எனக்குப் பொறாமை தீர்ந்துவிட்டது என்று எழுதினால் அது பொய்ச் செய்தி. நாளை உன்னை மிஸ்டர் ஹேவர்ட் என்று கூப்பிடும்போது கை தட்டுவேன். எல்லாருக்கும் ஒரு நொடி பிந்தித்தான் தட்டுவேன், பொறுத்துக்கொள். ஆனால் சிட்னியில் கல்யாணம் செய்த அந்தத் தாமசின் கட்டத்தில் வெறும் கோடு இருந்தது. உன் கட்டத்தில் கோடு இல்லை. அதை நாளைய விருந்தில் யாரும் உரக்க வாசிக்கப் போவதில்லை. பரவாயில்லை. முப்பத்துநான்கு வருடம் நமது நிருபராக இருந்தவனின் பெயர் கடைசியில் எழுத்தில் வந்திருக்கிறது, அவன் அப்பா பெயரோடு.

கோட்டு வாங்கி வந்ததும் போட்டுக் காட்டு.

அப்பா